பாக்கோட பி மைனர் மாஸ்: நோட்டு ஒண்ணு, ரெக்கார்டிங் ஏன் இத்தனை விதம்?

ஸ்ட்ரீமிங் ஆப்ல, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கோட பி மைனர் மாஸ்னு தேடினா ஆல்பம் ஆல்பமா வந்து நிக்கும். இசையமைச்சது ஒரே ஆள், பாடற வார்த்தை ஒரே லத்தீன், ஆனா ஒண்ணு ஒண்ணேமுக்கால் மணி நேரத்துல முடிஞ்சிடுது, இன்னொண்ணு ரெண்டு மணி நேரத்தையும் தாண்டி ஓடுது, ஒண்ணுல ஊரே கூடி பாடற மாதிரி இருக்கு, இன்னொண்ணுல பாடறவங்கள விரல் விட்டு எண்ணிடலாம், ஒண்ணு இன்னொண்ண விட அரை ஸ்வரம் கீழ ஒலிக்குது. புதுசா கேக்க வர்றவங்க எல்லாரும் கேக்கற கேள்வி, "இதுல எது சரியானது?"

நேரா ஒரு பதில் சொல்லிட முடியாது. பாக் எழுதி வச்ச பிரதி பல விஷயத்த சொல்லாமலே விட்டிருக்கு, ஒவ்வொரு ரெக்கார்டிங்கும் அந்த இடங்கள நிரப்பறதுக்கு யாரோ எடுத்த முடிவு. அந்த முடிவுகள தனித்தனியா பிரிச்சு பாத்தாதான் ஒப்பிடவே முடியும்.

முதல்ல, மாஸ்னா என்ன

கத்தோலிக்கர்கள் திருப்பலின்னோ பூசைன்னோ சொல்றதுதான் மாஸ். வாரா வாரம் மாறாம வர்ற ஜெபங்கள் அதுல அஞ்சு இருக்கு. நம்ம ஊர் கோவில்ல பூசைக்குப் போனவங்களுக்கு இதெல்லாம் தமிழ்ல மனப்பாடம்: "ஆண்டவரே இரக்கமாயிரும்"ங்கறது கீரியே, உன்னதங்களிலே கடவுளுக்கு மாட்சிமைன்னு வர்றது குளோரியா, நம்பிக்கை அறிக்கை க்ரேதோ, "தூயவர் தூயவர்" சான்க்துஸ், "உலகின் பாவங்களைப் போக்கும் இறைவனின் செம்மறியே" ஆக்னுஸ் தேயி. ஐரோப்பாவுல பல நூற்றாண்டா இசையமைப்பாளர்கள் இந்த அஞ்சுக்கும் சேர்த்து மெட்டு போட்டிருக்காங்க, அந்த முழு தொகுப்பையும் மாஸ்னுதான் சொல்றது.

பாக் கத்தோலிக்கர் இல்ல, லூத்தரன், அதாவது மார்ட்டின் லூதர் வழி வந்த புராட்டஸ்டன்ட். ஜெர்மனியில லைப்சிக் நகரத்துல லூத்தரன் சர்ச்சுகளுக்கு இசை பாத்துக்கற வேலையில இருந்தவர். அங்க கீரியேயும் குளோரியாவும் லத்தீன்ல பாடற வழக்கம் இருந்துச்சு, ஆனா அஞ்சும் சேர்ந்து இவ்வளவு நீளத்துக்கு ஒரு மாஸ் எந்த வழிபாட்டுக்குள்ளயும் சுலபமா அடங்காது. எதுக்காக முழுசா எழுதினார்னு அறிஞர்கள் இன்னிக்கும் விவாதிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க.

ஒரே மூச்சுல எழுதினது இல்ல

ரெக்கார்டிங் ஒப்பீட்டுக்கு இந்த வரலாறு ரொம்ப முக்கியம், அதனால கொஞ்சம் நிதானமா பாக்கலாம்.

1. சான்க்துஸ் தான் மூத்தது. 1724 கிறிஸ்துமஸுக்கு லைப்சிக்ல பாடறதுக்காக எழுதினது.

2. கீரியேயும் குளோரியாவும் 1733ல எழுதினது. அந்த வருஷம் சாக்சனியோட அரசர் இறந்து மகன் பட்டத்துக்கு வந்தார். பாக் இந்த ரெண்டு பகுதிக்கும் பாடகர், வாத்தியக்காரர் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி பிரதி எழுதி, அரசவையில ஒரு பட்டம் வேணும்னு விண்ணப்பமும் சேர்த்து சாக்சனி தலைநகர் டிரெஸ்டன்ல குடுத்தார். பட்டம் 1736ல தான் கிடைச்சுது. அந்தப் பிரதிகள்ல பாக்கோட கையெழுத்தும் இருக்கு, அவர் மனைவி, மகன்கள் கையெழுத்தும் இருக்கு.

3. கடைசி காலத்துல, 1748-49 வாக்குல, இதுங்களோட க்ரேதோவையும் மத்த பகுதிகளையும் சேர்த்து ஒரே கையெழுத்துப் பிரதியாக்கினார். நிறைய இடத்துல தன்னோட பழைய இசையையே எடுத்து புது வார்த்தைக்கு பொருத்திக்கிட்டார். கிறிஸ்து சிலுவையில அறையப்பட்டதப் பாடற க்ருசிஃபிக்சுஸ் 1714ல எழுதின ஒரு காண்டாட்டாலேர்ந்து (சர்ச்சுல பாடற பல பகுதி கொண்ட பாட்டு) வந்தது. நடுவுல முப்பது வருஷத்துக்கு மேல ஓடியிருக்கு.

1750ல பாக் இறந்துட்டார். அவர் உயிரோட இருந்தப்ப இது முழுசா ஒரு தடவையாவது அரங்கேறுச்சுங்கறதுக்கு ஆதாரமே கிடைக்கல. பி மைனர் மாஸ்ங்கற பேரும் அவர் வச்சது இல்ல. மகன் கார்ல் பிலிப் இமானுவேல் 1786ல ஹாம்பர்க்ல க்ரேதோ பகுதிய மட்டும் நடத்தினார். பெர்லின்ல ஒரு பெரிய பாடகர் சங்கம் 1834லயும் 35லயும் ரெண்டு பாதியா பாடுச்சு. அச்சுல முழுசா வர்றதுக்கு 1845 ஆச்சு.

ஆக, "பாக் நடத்தின மாதிரி"ன்னு காட்டறதுக்கு ஒரு முழு நிகழ்ச்சியே நம்மகிட்ட இல்ல. அளவுகோல் இல்லாத இடத்துலதான் இத்தனை ரெக்கார்டிங்கும் பொறந்திருக்கு.

முதல் பெரிய சண்டை: எத்தனை பேர் பாடணும்?

இதுதான் காதுல உடனே படற வித்தியாசம், அதிகமா வாக்குவாதம் நடந்ததும் இதப்பத்திதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுல ஜெர்மனியிலயும் இங்கிலாந்துலயும் ஊருக்கு ஊர் பாடகர் சங்கங்கள் இருந்துச்சு, நூறு பேர் அதுக்கும் மேல சேர்ந்து பாடுவாங்க, பாக்கை மறுபடி உயிரோட கொண்டுவந்ததே அவங்கதான். அதனால பாக்னாலே பெருங்கூட்டம்ங்கற பழக்கம் ஊறிப்போச்சு. 1929ல கண்டக்டர் (இசைக்குழுவ நடத்தறவர்) ஆல்பர்ட் கோட்ஸ் லண்டன்ல எடுத்த முதல் முழு ரெக்கார்டிங் அந்த வழியில வந்தது. பழைய இசைத்தட்டுல ஒரு பக்கத்துக்கு நாலரை நிமிஷம் போல தான் பிடிக்கும், ரெண்டு மணி நேர இசைய அப்படி வெட்டி வெட்டி பதிவு பண்ணியிருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டு கேட்டா அந்த உழைப்பு மேல மரியாதை வருது.

கனமான நடைக்குப் பேர் போனது 1967ல ஆட்டோ கிளெம்பரர் எடுத்தது. முதல் கீரியே மலை நகர்ற மாதிரி நகரும், ஜேனட் பேக்கர் குரல்ல ஆக்னுஸ் தேயி இருக்கு, அத ஒரு தடவை கேட்டா மறக்காது. அதுக்கு முன்னாடி 1961ல கார்ல் ரிக்டர் தன்னோட ம்யூனிக் பாக் குழுவோட எடுத்தது, அதுல பெரிய குழுதான், ஆனா தாளத்துல ஒரு இறுக்கமும் வேகமும் இருக்கும், ஃபிஷர்-டீஸ்கௌ மாதிரி பாடகர்கள் வேற.

1981ல அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோஷுவா ரிஃப்கின், பாக்கோட கோரஸ்ங்கறது பெரும்பாலும் குரலுக்கு (சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ்னு மேலேர்ந்து கீழ வரைக்கும் உள்ள குரல் வகை ஒவ்வொண்ணுக்கும்) ஒருத்தர்தான்னு ஒரு கருத்தரங்குல சொன்னார். அவர் வாதம் சுருக்கமா:

1. பாக்கோட பாடல்களுக்கு மிஞ்சியிருக்கற பாடகர் பிரதிகள்ல பெரும்பாலும் ஒரு குரலுக்கு ஒரு பிரதிதான் இருக்கு.

2. அந்த ஒரே பிரதியில தனிப்பாட்டும் இருக்கு, கோரஸும் இருக்கு. அப்படின்னா ரெண்டையும் பாடினது ஒரே ஆள்.

3. கூட இன்னும் ஆள் சேரணும்னா அதுக்குன்னு தனிப் பிரதி எழுதற பழக்கம் இருந்துச்சு, அப்படி எழுதினது சில பாடல்களுக்கு மட்டும்தான் கிடைக்குது.

எதிர்த்தவங்க கையில இருந்தது 1730ல பாக் லைப்சிக் நகராட்சிக்கு எழுதின ஒரு மனு. ஒவ்வொரு குழுவுக்கும் குறைஞ்சது 12 பேர், அதாவது குரலுக்கு மூணு பேர் வேணும், 16 இருந்தா இன்னும் நல்லதுன்னு அதுல கேட்டிருக்கார். ஒரு பிரதிய மூணு பேர் எட்டிப் பாத்து பாடியிருக்கலாமேங்கறாங்க இவங்க. அது பள்ளியில தயாரா வச்சிருக்க வேண்டிய ஆள் கணக்கு, ஒரே நேரத்துல பாடற ஆள் கணக்கு இல்லங்கறார் ரிஃப்கின். இன்னும் முடிவாகல. டோன் கூப்மன் மாதிரி பழைய இசையிலயே ஊறினவங்களும் ரிஃப்கினை ஏத்துக்கல.

ரிஃப்கின் பேச்சோட விடல, 1982ல அப்படியே குரலுக்கு ஒருத்தரா வச்சு ரெக்கார்டிங்கும் போட்டார். அத முதல் தடவை கேக்கறவங்களுக்கு கை கால் இல்லாத மாதிரி தோணலாம். ஆனா கீரியேயில அஞ்சு குரலும் ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணா உள்ள வர்றப்ப எந்தக் குரல் எங்க போகுதுன்னு கயிறு கயிறா தெரியும், நூறு பேர் பாடறப்ப அது ஒரு மேகம் மாதிரி கலங்கிடும். 1984ல ஆண்ட்ரூ பாரட் நடுவழி ஒண்ணு பிடிச்சார், தனிக்குரல்கள்தான் அடிப்படை, சில இடங்கள்ல மட்டும் கூடுதல் குரல் சேரும். எடின்பர்க்ல டனெடின் கான்சார்ட்டோட ஜான் பட் எடுத்ததும் சின்னக் குழுதான், 2010ல வந்தது.

என் அபிப்பிராயம் இது: க்ருசிஃபிக்சுஸ், கீரியே மாதிரி இடங்கள்ல சின்னக் குழுதான் ஜெயிக்குது, வலி தனி மனுஷங்க வாயிலேர்ந்து வர்றது காதுக்குத் தெரியுது. சான்க்துஸ்ல ஆறு குரல் அலை அலையா எழும்பறப்ப கொஞ்சமாவது கூட்டம் இல்லைன்னா எனக்கு நிறையல. ரெண்டையும் ஒரே ரெக்கார்டிங்ல எதிர்பாக்கறது நியாயம் இல்ல.

இது போக யார் பாடறாங்கங்கறதும் இருக்கு. பாக்கோட சர்ச்சுல பெண்கள் பாடல, மேல் குரல்கள் பையன்களோடது. நிக்கோலாஸ் ஹார்னன்கோர்ட் 1968ல கோரஸுக்கு வியன்னா பையன்கள் குழுவ வச்சார், தனிப்பாட்டுக்குப் பெண்களையே வச்சார். பையன்கள் குரல்ல ஒரு கூர்மை இருக்கும், அதே சமயம் சில இடத்துல திணறலும் இருக்கும். இப்ப வர்ற பெரும்பாலான ரெக்கார்டிங்ல சோப்ரானோ பெண்கள்தான், ஆல்டோவுக்கு சில பேர் உயர்ந்த குரல்ல பாடற ஆண் கவுன்டர்டெனரை வச்சுக்கறாங்க.

வாத்தியமும் சுருதியும்

அதே 1968 ஹார்னன்கோர்ட் ரெக்கார்டிங் இன்னொரு விதத்துலயும் திருப்பம், இந்த மாஸ முழுசா அந்தக் காலத்து வாத்தியங்கள்ல பதிவு பண்ணின முதல் ரெக்கார்டிங் அதுதான். என்ன மாறுதுன்னா:

1. சுருதி. இன்னிக்கு ஆர்கெஸ்ட்ராக்கள் ஏ ஸ்வரத்த 440 ஹெர்ட்ஸ்ல வச்சுக்கறாங்க, பழைய வாத்தியக் குழுக்கள் பொதுவா 415ல வச்சுக்கறாங்க. அரை ஸ்வரம் கீழ. அதனாலதான் ரெண்டு ஆல்பத்த மாத்தி மாத்தி போட்டா பாட்டே வேற சுருதிக்குப் போன மாதிரி இருக்கு. பிளேயர்ல கோளாறு இல்ல.

2. ட்ரம்பெட். பழசுல வால்வு கிடையாது, உதட்டாலயே ஸ்வரம் பிடிக்கணும். சத்தம் குறைவு, அதனால கோரஸ அமுக்காது. நவீன ட்ரம்பெட் மூணு சேர்ந்து ஊதினா கோரஸ் பெருசா இருந்தாதான் தாங்கும், அதாவது வாத்தியத்துல எடுக்கற முடிவும் ஆள் எண்ணிக்கையும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிடக்கு, தனித்தனியா மாத்த முடியாது.

3. வயலினுக்கு குடல் தந்தி, மரப் புல்லாங்குழல். மென்மையா இருக்கும், ஆனா ஒவ்வொரு சின்ன அசைவும் பேச்சு மாதிரி கேக்கும்.

பழைய வாத்தியம்னாலே நல்லதுன்னு எடுத்துக்கக் கூடாது. 1960கள்ல அந்த வாத்தியங்கள வாசிக்கறவங்களே குறைவு, சுருதி விலகற இடங்கள் அந்த முதல் ரெக்கார்டிங்ல தெரியும். 1985ல ஜான் எலியட் கார்டினர் எடுத்தப்பவும், 1996ல ஃபிலிப் ஹெரவெக எடுத்தப்பவும், 2007ல மசாக்கி சுசுகியோட ஜப்பான் குழு ரெக்கார்டிங் வந்தப்பவும் அந்தத் திணறல் எல்லாம் போயிடுச்சு.

பிரதியே சண்டைக்காரன்

கண்டக்டர் எந்த அச்சுப் பதிப்ப வச்சு நடத்தறார்ங்கறத ஆல்பம் அட்டையில பலர் பாக்கவே மாட்டாங்க, ஆனா இதுலயும் விஷயம் இருக்கு. பாக்கோட கையெழுத்துப் பிரதி மகன் கார்ல் பிலிப் இமானுவேல் கைக்குப் போச்சு, அவர் அதுலயே திருத்தமும் சேர்க்கையும் எழுதிட்டார். போதாக்குறைக்கு அந்தக் காலத்து இரும்பு மசி காகிதத்தையே அரிச்சுக்கிட்டு வந்திருக்கு. இப்ப பிரதி பெர்லின் அரசு நூலகத்துல இருக்கு, அப்பா எழுதினது எது மகன் எழுதினது எதுன்னு பிரிக்க எக்ஸ்-ரே வச்சு மசிய ஆராய வேண்டி வந்துச்சு. பழைய பதிப்புகள் ரெண்டையும் கலந்து அச்சடிச்சிருந்துச்சு. ரிஃப்கின் 2006ல கொண்டுவந்த பதிப்பு அப்பாவோட கடைசி வடிவத்த மட்டும் தனியா எடுக்கப் பாக்குது, ஜான் பட் ரெக்கார்டிங் அந்தப் பதிப்ப வச்சு எடுத்ததுதான்.

காதுக்குத் தெரியற மாதிரி ரெண்டு உதாரணம். குளோரியாவுல தோமினே தேயுஸ்னு ஒரு ரெண்டு பேர் பாட்டு, ஆரம்பத்துல புல்லாங்குழல் வரும். முழுப் பிரதியில அந்த ஸ்வரங்கள் சமமா இருக்கு, டிரெஸ்டனுக்குக் குடுத்த புல்லாங்குழல் பிரதியில குட்டை-நெட்டையா துள்ளற மாதிரி எழுதியிருக்கு. சில ரெக்கார்டிங்ல சமமாவும் சிலதுல துள்ளலாவும் கேக்கறது அதனாலதான். ரெண்டாவது, சான்க்துஸோட சேர்ந்து வர்ற பெனெதிக்துஸ். டெனர் கூட ஒரே ஒரு வாத்தியம் மேல வாசிக்கும், ஆனா அது என்ன வாத்தியம்னு பாக் எழுதவே இல்ல. பழைய அச்சுப் பதிப்பு வயலின்னு போட்டுச்சு, அப்புறம் வந்தவங்க அந்த ஸ்வரங்கள் புல்லாங்குழலுக்குத்தான் பொருந்துதுன்னு சொன்னாங்க, இப்ப பெரும்பாலும் புல்லாங்குழல்தான். வயலின் கேட்டா பழைய பதிப்பு வழின்னு எடுத்துக்கலாம்.

உச்சரிப்பும் அப்படித்தான். லத்தீனை இத்தாலிக்காரங்க மாதிரி சொன்னா "க்ருச்சிஃபிக்சுஸ்", "பாச்சேம்", "ஆன்யுஸ்". பாக் ஊர் ஜெர்மன் வழக்குல "க்ருட்சிஃபிக்சுஸ்", "பாட்சேம்", "ஆக்னுஸ்". ஜெர்மன் வழக்குல மெய்யெழுத்து கெட்டியா விழும், தாளம் கூர்மையாகும்.

ரெக்கார்டிங்னா நிகழ்ச்சி இல்ல

இத மறந்துட்டு ஒப்பிடறதுனால நிறைய குழப்பம் வருது. கண்டக்டர் ஹெர்பர்ட் ஃபான் கரயான் 1952-53ல எடுத்த மாஸ்ல கோரஸ் வியன்னாவுல பதிவானது, தனிப்பாட்டுகள் லண்டன்ல வேற ஆர்கெஸ்ட்ராவோட பதிவானது. ஒரே மேடையில அது நடக்கவே இல்ல. சர்ச்சுல பதிவு பண்ணினதுல எதிரொலி நீளமா இருக்கும், அங்க வேகமா போனா குழம்பிடும், ஸ்டூடியோவுல அந்தக் கட்டாயம் இல்ல. அதனால "இவர் மெதுவா போறார்"னு சொல்றதுக்கு முன்னாடி எந்த இடத்துல எடுத்ததுன்னும் பாக்கணும்.

ஆப்ல கேக்கறவங்களுக்கு மட்டும் மூணு எச்சரிக்கை:

1. ஆல்பத்துல போட்டிருக்கற வருஷம் மறுவெளியீட்டு வருஷமா இருக்கலாம். 1961 ரெக்கார்டிங் புது அட்டையோட புது வருஷத்துல நிக்கும்.

2. டிராக் எண்ணிக்கை 24, 27னு மாறும். இசை குறையல, பிரிக்கற முறைதான் வேற.

3. டிராக்குக்கு நடுவுல இடைவெளி விழாத மாதிரி செட்டிங்ஸ மாத்தி வைங்க. சில பகுதிகள் நிக்காம அடுத்ததுக்குள்ள பாயும், நடுவுல அரை நொடி மௌனம் விழுந்தாலே எல்லாம் போச்சு.

ஒப்பிட மூணு இடம் போதும்

ரெண்டு மணி நேரத்த அஞ்சு ஆல்பத்துல கேக்க யாருக்கும் நேரம் இல்ல. இந்த மூணு இடத்த மட்டும் கிளெம்பரர், ரிக்டர், ஹெரவெக 1996, ரிஃப்கின்னு நாலுலயும் கேட்டா மேல சொன்ன எல்லா முடிவும் வெளிய வந்துடும்.

முதல்ல க்ருசிஃபிக்சுஸ். அடியில கீழ்ஸ்வர வாத்தியங்கள்ல ஒரே நாலு பார் (நாலு தாள அளவு) பேஸ் மெட்டு 13 தடவை இறங்கி இறங்கி வரும். கடைசி தடவை மேல வாசிக்கற புல்லாங்குழலும் வயலினும் நின்னுடும், குரலும் பேஸும் மட்டும் தாழ்ந்து தாழ்ந்து கல்லறைக்குள்ள போற மாதிரி வேற சுருதிக்கு மாறும். உடனே உயிர்த்தெழுதல், ட்ரம்பெட்டோட வெடிக்கும். அந்தத் தாழ்வு எவ்வளவு தாழ்வு, அந்த மௌனம் எவ்வளவு நேரம்ங்கறத கவனிங்க. ரிக்டர் இங்க எனக்கு ரொம்பப் பிடிக்கும், கூட்டமே மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிக்கற மாதிரி இருக்கு.

ரெண்டாவது, க்ரேதோ முடிவுல வர்ற கோன்ஃபிதேயோர். ஆர்கெஸ்ட்ரா இல்ல, குரலும் பேஸும்தான், உள்ள பழைய சர்ச் ராகம் ஒண்ணு நீள நீள ஸ்வரமா ஓடும். போய்க்கிட்டே இருக்கறப்ப திடீர்னு வேகம் குறைஞ்சு, "இறந்தோரின் உயிர்ப்பை எதிர்நோக்குகிறேன்"ங்கற வார்த்தைக்கு சுருதி எங்க நிக்குதுன்னே தெரியாத மாதிரி ஒரு இருட்டுக்குள்ள போகும், அப்புறம் அதே வார்த்தை வெளிச்சமா வெடிக்கும். கையெழுத்துப் பிரதியில பாக் அடிச்சு அடிச்சு திருத்தின பக்கங்கள் இது. சின்னக் குழுல இந்த இருட்டு பயமா இருக்கும், பெரிய குழுல பிரமாண்டமா இருக்கும், ரெண்டும் வேற வேற அனுபவம், எனக்கு பயம்தான் சரின்னு படுது.

மூணாவது, கடைசி பகுதி தோனா நோபிஸ் பாசெம், எங்களுக்கு அமைதி தாரும்ங்கறது. இதுக்கு பாக் புது இசை எழுதல, குளோரியாவுல நன்றி சொல்ற க்ராசியாஸ் பகுதியோட இசையையே திரும்ப வச்சார், அதுவும் 1731ல ஒரு நன்றிப் பாட்டுக்காக அவரே எழுதினது. ஆக ஒரே ஆல்பத்துக்குள்ளயே ஒப்பீட்டுக்கு இடம் இருக்கு. ரெண்டு டிராக்கோட நிமிஷத்தயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ரெண்டும் ஒரே நேரத்துல முடிஞ்சா, நன்றியும் அமைதி வேண்டறதும் ஒண்ணுதான்னு அந்தக் கண்டக்டர் படிச்சிருக்கார். ரெண்டாவது நீளமா இருந்தா, கடைசியில ட்ரம்பெட் மேல ஏறற இடத்துக்கு ஓட்டிப் போய், மெதுவானது அங்கயா இல்ல முதல் ஸ்வரத்துலேர்ந்தேவான்னு கேளுங்க.